கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

இருட்டில் ஒரு விரல் என் காதருகே வந்தது. சில்லென்ற விரல். வேர்க்கடலையின் உப்பு ஒட்டிய விரல். அது என் காதுக்குள் செருகியிருந்த என் விரலைப் பிடித்து, குப்பியிலிருந்து தக்கையைப் பிடுங்குவதுபோல் வெளியே இழுத்தது.

"தீர் லெத்வா, மிசியே!"

விரலை எடுங்க வாத்தியாரே என்று பொருள்.

எடுத்த மறுகணம் அரங்கம் முழுக்க வயலின்கள் அலறின. திரையில் யாரோ யாரையோ கொன்றுகொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடியிருந்தேன். கண்ணை மூடிக்கொள்ள எனக்கு அனுமதி இருந்தது. அனுமதி என்ன, உத்தரவே இருந்தது. காதைத்தான் மூடக்கூடாது. அந்த அலறலை ஒரு ஸ்வரம் சிந்தாமல் வெளியே எடுத்து வருவதற்காகவே என்னை உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, சூறாவளியில் என் வேட்டி பக்கத்து வீட்டுக் கூரைக்குக் குடிபோன கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று மன்னார்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மணி, இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

சைக்கிள் ஸ்டாண்டு ரசிகன்

மொரிசியஸுக்குத் தமிழ் வாத்தியாராகப் போவதற்கு முன்பே எனக்கும் மர்மப் படங்களுக்கும் ஒரு உறவு உண்டு. அது நாய்க்கும் பட்டாசுக்கும் உள்ள உறவு.

எழுபதுகளின் மர்மப் படங்களுக்கென்றே ஒரு தனி இசை இருந்தது. எந்த மொழிப் படமானாலும் சரி. பாங்கோ மேளத்தில் இரண்டு தட்டு விழுந்தால் போதும், கதாநாயகி நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டிருந்தாலும் அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எதிரொலிக்கும் கிதார் ஒன்று, வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் "ஆ... ஆ..." என்று இழுப்பது ஒன்று, கோயிலில் வாசித்தால் பக்தியாகவும் படத்தில் வாசித்தால் பிணமாகவும் கேட்கிற ஆர்கன் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு முகம் தெரியாத சில மனிதர்கள் என் இளமையை நடுநடுங்க வைத்தார்கள்.

கும்பகோணத்தில் நண்பர்களோடு டிக்கெட் வாங்கி உள்ளே போவேன். முதல் பாங்கோ தட்டியதும் தாகம் எடுக்கிறது என்று வெளியே வந்துவிடுவேன். மீதிப் படத்தைத் தியேட்டர் சுவர் ஓரமாக, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கேட்பேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் கொலைகாரன் வர முடியாது அல்லவா? இசை மட்டும் வரும். கதை தெரியாது. யார் செத்தார், யார் கொன்றார் எதுவும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் பிடில் ஏறும், எந்த இடத்தில் முரசு நிற்கும் என்பது அத்தனையும் எனக்கு மனப்பாடம். மறுநாள் நண்பர்கள் கதை சொல்வார்கள். நான் இசை சொல்வேன். ஒருவரும் மதித்ததில்லை.

அந்தக் கோழைத்தனத்துக்குக் கடல் கடந்து ஒரு வேலை கிடைக்கும் என்று நானும் நினைக்கவில்லை.

பதினேழாம் நம்பர்

நான் இருந்தது மாயெபூரில். தீவின் தென்கிழக்கில் கடலோரத்து ஊர். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் ஓட்டல்களும் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருந்தன. காலை ஆறரைக்கு ஆடை ஆலைப் பேருந்துகள் வரிசையாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். கரும்பு வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஐரோப்பாக்காரர்களுக்குச் சட்டை தைத்தார்கள். அதே ஐரோப்பாக்காரர்கள் விமானத்தில் வந்திறங்கி, கடற்கரையில் அந்தச் சட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெயிலில் கிடந்தார்கள்.

ஆர்முகத்தைக் கோயிலில்தான் சந்தித்தேன். ஆலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நாற்பதைத் தாண்டியவர். பெரிய கை, சிறிய பேச்சு. தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல், கேட்பவர் கண்ணில் நீர் வரப் பாடுவார். அவர் பேசியதெல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்தத் தீவின் பேச்சு. நான் கற்றுக்கொண்ட கிரியோலை அளந்தால் ஒரு கைப்பிடி தேறும். அதில் முதல் சொல் "பா கொனே". தெரியாது என்று அர்த்தம். அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன். இங்கே அவர்கள் பேச்சை நம் பேச்சில் தருகிறேன். தடுக்கினால் குற்றம் என்னுடையது.

ஆர்முகத்துக்கு இன்னொரு முகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தின்போது ஒரு கடற்கரை ஓட்டலில் டிரம்பெட் வாசிப்பார். அவரோடு டிரம் வாசித்தவர் ரோலான் என்கிற மீனவர். பேஸ் கிதார் வாசித்தவள் மார்லென்.

மார்லெனுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். அம்மா வழியில் தமிழ், அப்பா வழியில் ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல். அதே ஆலையில் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைப்பவள். என் காதிலிருந்து விரலைப் பிடுங்கிய கை அவளுடையதுதான்.

ஒரு நாள் கோயில் வாசலில் அந்த மூவரும் என்னை மடக்கினார்கள்.

"மிசியே, நீங்க பஜனையில் வாசிக்கிற பிடில் சொந்தப் பிடிலா?" என்றார் ஆர்முகம்.

"ஏன், திருடின மாதிரி வாசிக்கிறேனா?"

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். ஓட்டலுக்குப் பாரிஸிலிருந்து புது மேலாளர் வந்திருக்கிறார். விருந்தினர்கள் பழைய பாட்டெல்லாம் கேட்டு அலுத்துவிட்டார்களாம். ஐரோப்பாவில் ஒரு மர்மப் படத்தின் தலைப்பு இசையை எல்லோரும் சீட்டியடிக்கிறார்களாம். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை அதை வாசிக்க வேண்டும். முடியாவிட்டால் பக்கத்துத் தீவு ரியூனியனிலிருந்து வேறு குழு வரும். இவர்கள் இனி வர வேண்டியதில்லை.

"இசைத்தட்டு வாங்கிக் கேட்டால் ஆயிற்று" என்றேன் நான், உலகம் தெரிந்தவன்போல்.

"போர்ட் லூயிஸ் கடையில் கேட்டாச்சு. கப்பல்ல வரணுமாம்."

"எப்போது வருமாம்?"

"கப்பலைக் கேளுன்னான்."

மார்லென் குறுக்கே வந்து சொன்னாள்: "மிசியே, ஆலையில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. தீசெத், தீசெத்னுதான் கூப்பிடுவாங்க. பதினேழு. அது என் மிஷின் நம்பர். வாரத்தில் ஆறு நாள் நான் பதினேழு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணி நேரம்தான் மார்லென். அதை எவனோ ரியூனியன்காரனுக்குக் கொடுக்கணுமா?"

என்னிடம் பிடில் இருந்தது. அந்தப் படத்திலும் பிடில் இருந்தது. படம் மாயெபூர் கொட்டகைக்கு அந்தச் சனிக்கிழமை வருவதாக இருந்தது.

கண்ணை மூடு

ஆர்முகத்தின் திட்டம் எளிமையானது. ஒரு மனிதனால் முழு இசையையும் தூக்கிவர முடியாது. ஆளுக்கு ஒரு வாத்தியத்தைத் தூக்கிவருவது. அவர் டிரம்பெட்டை மட்டும் கேட்பார், ரோலான் டிரம்மை மட்டும், மார்லென் பேஸை மட்டும். பிடில்களெல்லாம் என் பொறுப்பு. அதோடு, ஸ்வரம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், வெளியே வந்ததும் எல்லோருடையதையும் நோட்டில் எழுதுவதும் என் வேலை.

"ஒரு சட்டம்தான்" என்றார். "ஃபேர்ம் லிசியே. கண்ணை மூடிக்கணும். முதல் காட்சியிலிருந்து கடைசி காட்சி வரைக்கும். கண்ணைத் திறந்தா கதைக்குள்ள போயிடுவோம். கதை நமக்கு வேண்டாம்."

எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! மர்மப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்ன முதல் மனிதர். காலில் விழலாமா என்று யோசித்தேன்.

ஆனால் கண்ணை மூடினால் பயம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்மையான பயங்கொள்ளிகள் அல்லர். திரையில் ஒரே ஒரு கொலைகாரர்தான். மூடிய கண்ணுக்குள் பதினாறு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் அரிவாள்மணை. ஒருவர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். அதனால்தான் என் விரல்கள் தாமாகவே காதுக்குப் போயின.

கொட்டகையின் முன்வரிசைகளில் மடக்கு மர நாற்காலிகள். ஜனம் நிறைந்து வழிந்தது. மீன் வாடை, தலைக்குத் தடவிய எண்ணெய் வாடை, கத்தோ பிமா வாடை. கத்தோ பிமா என்பது நம் பருப்பு வடையின் கடல் கடந்த பங்காளி. மிளகாயை மட்டும் மறக்காமல் எடுத்துச் சென்றது. படம் பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆகவே நான் முழுப் பாதுகாப்போடு உட்கார்ந்திருந்தேன், இசை தொடங்கும் வரை.

முதலில் பேஸ் கிதார் மட்டும். நமக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவதுபோல. நாம் நின்றால் அவரும் நிற்பதுபோல. பிறகு டிரம்மின் விளிம்பில் ஒரு சின்னத் தட்டல். பிறகு வெகுதூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவதுபோல டிரம்பெட். அப்புறம் பிடில்கள் எழுந்தன. என் விரல்களும் எழுந்தன.

முதல் காட்சியில் நான் கொண்டுவந்தது பூஜ்யம். இரண்டாவதில் நாலு ஸ்வரம். மூன்றாவது காட்சிக்கு மார்லென் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தன் பேஸையும் கேட்டுக்கொண்டு, என் காதுகளுக்கும் காவல் இருந்தாள். கொலை வரும் நேரம் அவள் பாதங்களுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மரத்தரையில் பதித்து உட்காருவாள். பேஸ் அவளுக்குக் காதைவிடக் காலில்தான் நன்றாகக் கேட்குமாம்.

தலைப்பு இசையின் நடுவே ஒரு இடம் வரும். சீராக எட்டு எட்டாக நடந்துகொண்டிருக்கும் இசை, அங்கே மட்டும் ஒரு எண்ணிக்கையை விழுங்கிவிட்டுத் துள்ளும். படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல. அந்த இடத்தில் கொட்டகை முழுவதும் நாற்காலிகளைப் படாரென்று தட்டி "ஆயோ!" என்று கத்தும். ஒவ்வொரு காட்சியிலும் அதே இடம், அதே துள்ளல், அதே ஆயோ. எங்கள் நால்வருக்கும் உடம்பு சிலிர்த்தது. மீனவனும் தையல்காரியும் இசையின் நுட்பத்தை இப்படி எழுந்து தட்டிக் கொண்டாடுகிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கண் மூடிய நிலையிலேயே வியந்தேன்.

வாதுமை மரத்தடி

இரண்டு வாரச் சனி (ஆலைக்கு அன்று அரை நாள்தான்), ஞாயிறுகளில் மொத்தம் ஆறு காட்சிகள். கடைசி ஞாயிறை விட்டுவிட்டோம். அன்றுதான் ஓட்டலில் பரீட்சை. ஆறாவது காட்சி முடிந்து வெளியே வந்து, கடற்கரையில் ஒரு நாட்டு வாதுமை மரத்தடியில் உட்கார்ந்தோம். கண் கூசும் மாலை வெயில். எதிரே நீர். வாத்தியம் ஒன்றும் கையில் இல்லை.

"சரி. வாயால் போடுவோம்" என்றார் ஆர்முகம்.

அதுவரை ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் எனக்குச் சொல்லி எழுத வைத்திருந்தார்கள். சேர்த்துக் கேட்டதில்லை. மார்லென் எனக்குச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது: "சின்னத் தையல், சின்னத் தையல், நீளத் தையல், நூல் வெட்டு. சின்னத் தையல், நீளத் தையல், இங்கே ஊசி துள்ளுது." ஊசி துள்ளும் இடத்தை நான் ஏழு எண்ணிக்கை என்று கண்டுபிடித்து, நோட்டில் 'மிஸ்ர சாபு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். மேல்நாட்டு இசையமைப்பாளன் நம்மிடமிருந்துதான் இதை எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றியிருந்தேன். ரோலான் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

மார்லென் தொடங்கினாள். உதட்டை மூடிக்கொண்டு, தொண்டைக்குள். ரோலான் ஒரு தேங்காய் ஓட்டில் விரலால் தட்டினார். ஆர்முகம் இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். பித்தளையே இல்லாமல் பித்தளை ஒலித்தது. அப்புறம் நான் வாயைத் திறந்தேன்.

அது எழுந்தது. ஆறு முறை இருட்டில் துண்டு துண்டாகத் திருடிக் கொண்டுவந்தது, அந்த வெயிலில் முழு உருவாக எழுந்து எங்கள் நடுவில் நின்றது. எந்த ஊரிலோ, எந்தக் குளிர் அறையிலோ, எங்களைக் கனவிலும் அறியாத ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியது. அவர் மனத்தில் ஓடியது ஒரு மீனவரின் விரலிலும், ஒரு கழுத்துப்பட்டி தைப்பவளின் தொண்டையிலும், ஒரு கும்பகோணத்துக் கோழையின் வாயிலும் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த முறை பயத்தால் அல்ல. நான் காதைப் பொத்தவில்லை என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

துள்ளும் இடம் வந்தது. நால்வரும் ஒன்றாகத் துள்ளினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் தூரத்திலிருந்து "ஆயோ!" என்றார்.

இசைத்தட்டு

அந்த ஞாயிறு காலை பதினோரு மணி. பூப்போட்ட சட்டை ஒன்றை எனக்கு மாட்டியிருந்தார்கள். அதிலிருந்த செம்பருத்தி ஒவ்வொன்றும் என் முகத்தைவிடப் பெரியது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் விருந்து. மேலாளர் கையில் எதையோ ஆட்டிக்கொண்டு வந்தார். இசைத்தட்டு! முதல் நாள் வந்த விமானத்தில் யாரோ அவருக்கு வாங்கிவந்து கொடுத்ததாம்.

"ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லிப் போட்டார். அவருடைய பிரெஞ்சை மார்லென் எனக்குக் கிரியோலில் சொல்லிவந்தாள்.

பேஸ் நடந்து வந்தது. டிரம் தட்டியது. டிரம்பெட் கூப்பிட்டது. எல்லாம் நாங்கள் எடுத்து வந்ததேதான். ஆர்முகத்தின் தலை பெருமையில் லேசாக ஆடியது. துள்ளும் இடம் வந்தது.

துள்ளவில்லை.

எட்டு எட்டாக, இஸ்திரி போட்ட சட்டைபோல, சுருக்கமே இல்லாமல் நேராகப் போயிற்று.

மார்லென் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் மிஸ்ர சாபு இரண்டு கோட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தது. அப்போது மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த ஒரு பணியாள், மாயெபூர் ஆள், தலையைத் தூக்கி, "அந்த இடம் இந்தத் தட்டுல துள்ளாம நல்லா இருக்கே! நம்ம கொட்டகையில் ஃபிலிம் அறுந்து ஒட்டினது இல்லே? படம் துள்ளுமே. அதுக்குத்தானே நாங்க நாற்காலியைத் தட்டுவோம்? நீங்க பார்க்கலையா?" என்றார்.

நாங்கள் பார்க்கவில்லை. ஆறு காட்சியிலும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

மேலாளர் தட்டைச் சுட்டிக்காட்டினார். "இப்படித்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேராக வாசித்துப் பழகினோம். முதல் முறை ரோலான் துள்ளினார். இரண்டாம் முறை மார்லென். மூன்றாம் முறை யாரும் துள்ளாமல் தப்பித்தோம், ஆனால் நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு, பாம்பைத் தாண்டுவதுபோல அந்த இடத்தைத் தாண்டினோம்.

"கொரேக். சரியாயிடும்" என்றார் ஆர்முகம். டிரம்பெட்டை அவர் துடைத்த துடைப்பில் அது இன்னும் கொஞ்சம் இளைத்தது.

என் நிலைமை? மூன்று முறை கழிப்பறைக்குப் போனேன். நான்காம் முறை உள்ளேயே தங்கிவிடலாம் என்று தாழ் போட்டுக்கொண்டேன். ஜன்னல் சிறியது, செம்பருத்திச் சட்டையோடு அதில் நுழைய முடியுமா என்று அளந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"மிசியே."

"தந்தி அறுந்துவிட்டது, மார்லென்."

"பிடில் என் கையில் இருக்கு. நாலு தந்தியும் இருக்கு."

"எனக்குக் காய்ச்சல்."

"வெளியே வந்து காய்ச்சல் அடியுங்க." குரல் தணிந்தது. "எனக்கும் பயம்தான், மிசியே. நாளைக்குத் திங்கட்கிழமை. நாளையிலிருந்து ஏழு நாளும் பதினேழாயிடுவேனோன்னு பயம். ஆனா நான் ஜன்னலைப் பார்க்கலை."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தாழை எடுத்தேன்.

நான் தவறி விழுந்த இடம்

மதிய விருந்து. வெள்ளைத் துணி போட்ட மேசைகள், வெயிலில் சிவந்த முதுகுகள், முள்ளும் கரண்டியும் உரசுகிற சத்தம். மேலாளர் ஒரு தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றை இசைத்தட்டு மாதிரியே வாசித்தோம். பிழையில்லை. பாம்பைத் தாண்டினோம். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒரு அம்மாள் உப்பு கேட்டார். எங்கள் இசை அந்த மேசைகளுக்கு நடுவே ஒரு பணியாளைப்போல் ஒதுங்கி நடந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பார்த்ததுதான் தப்பு. பயம் உச்சந்தலைக்கு ஏறியது. பயம் வந்தால் நான் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடியதும் கொட்டகை வந்துவிட்டது. மீன் வாடை, எண்ணெய் வாடை, வேர்க்கடலை. பதினாறு கொலைகாரர்களும் வரிசையாக வந்தார்கள். இரண்டாம் சுற்றில் அந்த இடம் வந்தபோது என் வில் என்னைக் கேட்கவில்லை. துள்ளியது.

செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் நான் தவறி விழுந்த இடத்தில் மார்லென் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவள் பேஸ் எனக்கு முன்னால் அங்கே துள்ளியிருந்தது. ரோலானும் இருந்தார். ஆர்முகத்தின் டிரம்பெட்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நால்வரும் ஒரே நொடியில் கண்ணை மூடியிருந்தோம் என்பது பிறகு பேசியபோதுதான் தெரிந்தது.

அந்த நொடியில் சமையலறையிலிருந்து படாரென்று ஒரு சத்தம். பத்துப் பதினைந்து பாத்திரங்கள் ஒன்றாக அடிபட்ட சத்தம். கூடவே ஒரே குரலில், "ஆயோ!"

சமையல்காரர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், அறை கூட்டும் பெண்கள், தோட்டக்காரர் எல்லோரும் மாயெபூர்க்காரர்கள். எல்லோரும் அந்தக் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். இசைத்தட்டு மாதிரி நாங்கள் வாசித்தது அவர்களுக்கு யாருடைய பாட்டோ. துள்ளியதும் அது அவர்கள் படமாகிவிட்டது.

தலைகள் நிமிர்ந்தன. உப்பு கேட்ட அம்மாள் கையில் உப்புக்குப்பியோடு அப்படியே நின்றார். மூன்றாம் சுற்றில் பணியாட்களும் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். துள்ளல்! படார்! ஆயோ! நாலாம் சுற்றில் ஒரு சிவந்த மனிதர் மேசையைக் குத்தினார். ஐந்தாம் சுற்றில் எல்லா மேசைகளும் குத்தின. கண்ணாடிக் குவளைகள் நடுங்கின. எத்தனையோ நாட்டு ஜனங்கள், ஒரு ஒட்டுப்போட்ட ஃபிலிம் விழுங்கிய ஒரே ஒரு எண்ணிக்கைக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருக்கிற அமைதியை நான் என் வாழ்நாளில் வேறெந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. எந்த மகா வித்வானுக்கும் கிடைக்காத அமைதி. அது எங்களுக்காக அல்ல. எங்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்த எதற்காகவோ.

மார்லெனைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றிருந்தாள்.

பா கொனே

முடிந்ததும் மேலாளர் வந்தார். இசைத்தட்டை அதன் உறைக்குள் போட்டு அக்குளில் இடுக்கியிருந்தார்.

"அடுத்த ஞாயிறு பன்னிரண்டுக்கே வாசிக்கத் தொடங்கிவிடுங்கள்" என்றார். "ரியூனியனுக்கு நான் எழுதிக்கொள்கிறேன். உங்கள் பெயர் என்ன, மத்மசேல்?"

"மார்லென்."

அவள் அதைச் சொன்ன விதத்தை எழுத என்னிடம் ஸ்வரம் இல்லை.

மேலாளர் போகத் திரும்பியவர் நின்றார். "நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் முகமூடியைக் கழற்றும்போது ஒரு வார்த்தை பேச்சில்லாமல் வெறும் இசைதான் வருமாமே. யார் கொலைகாரன்?"

ஆர்முகம் மார்லெனைப் பார்த்தார். மார்லென் ரோலானைப் பார்த்தாள். ரோலான் என்னைப் பார்த்தார். ஆறு முறை பார்த்த படம்.

"பா கொனே" என்றோம் நால்வரும்.

அதற்கப்புறம் பல வருஷங்கள் போய்விட்டன. நான் திரும்பி வந்து, கல்யாணமாகி, தலையில் மிச்சமிருப்பதற்கு மை பூசிக்கொண்டிருக்கிறேன். மார்லென் புத்தாண்டுக்கு அட்டை போடுவாள். ஓட்டலில் இன்னும் ஞாயிறுதோறும் வாசிக்கிறாளாம். அந்த இடத்தில் துள்ளாவிட்டால் சமையலறையிலிருந்து ஆள் வந்துவிடுகிறதாம்.

சென்ற மாதம் கேபிள் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். என் மனைவியோடு உட்கார்ந்தேன். தலைப்பு இசை ஓடியது. அந்த இடத்தில் நான் நாற்காலியைப் படாரென்று தட்டி "ஆயோ!" என்றேன். திரையில் எதுவும் துள்ளவில்லை. மனைவிதான் துள்ளினாள்.

கடைசிக் காட்சி வந்தது. கை மெதுவாக முகமூடிக்குப் போனது. பேச்சு நின்றது. பிடில்கள் எழுந்தன. இதோ, இத்தனை வருஷத்துக்கு அப்புறம், திரைக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கொலைகாரனா, கொலைகாரியா என்பதாவது தெரிந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடக் கடவுளே, இதுவா!" என்றாள் மனைவி.

சொல்லிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. படத்தின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அப்படியும் கண்டுபிடித்துவிட்டால், மன்னார்குடி அம்மணி உட்பட ஒருவரும் தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எங்களில் இன்னும் மூன்று பேருக்குத் தெரியாது. நான் மட்டும் தெரிந்துகொள்வது நியாயமில்லை.